மூக்கு சார் மோந்து பார்த்த கார்

"வர்ற ஞாயித்துக்கிழமைக்குள்ள இந்த வண்டியில நாத்தம்ங்கற பேச்சே இருக்காது. இருந்தா என் மூக்கை அறுத்து உன் கையில குடுத்துடறேன்!"

சபதம் போட்டவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. சோப்புத் தொழிற்சாலையில் வாசனை பார்க்கிற அதிகாரி. மல்லிகை சோப்பில் மல்லிகை ஒரு சொட்டு கூடினாலும் கண்டுபிடித்துவிடுவார். ரோஜா சோப்பு புதுச் சரக்கா பழைய சரக்கா என்று உறையைப் பிரிக்காமலே சொல்லுவார். தொழிற்சாலையில் அவருக்கு 'மூக்கு சார்' என்றுதான் பேர். சொந்தப் பேர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

"மூக்கெல்லாம் வேணாங்க, அதை வச்சு நான் என்ன பண்றது?" என்றாள் மனைவி. "நாறுச்சுன்னா நான் பஸ்ல வரேன். நீங்க உங்க வண்டியோட ஜோடியா வாங்க."

வருகிற ஞாயிற்றுக்கிழமை அவளுடைய அண்ணன் மகளுக்குக் கல்யாணம். இரண்டு பக்கத்துச் சொந்தமும் மண்டப வாசலில் நிற்கும். மனைவி பஸ்ஸிலிருந்தும் புருஷன் காரிலிருந்தும் தனித்தனியே இறங்கினால், தாலி கட்டுகிற நேரத்தில்கூட ஜனங்கள் மணமக்களைப் பார்க்க மாட்டார்கள்.

இந்தத் தகராறைக் கிளப்பிவிட்டது சகலைதான். போன வாரம் அவர் வீட்டுக்குப் போனபோது, மச்சினியை வரவேற்க வாசலுக்கு வந்தவர் இரண்டடி பின்வாங்கினார். "என்னம்மா, வர்ற வழியில பெட்ரோல் பங்க்ல வேலை பாத்துட்டு வர்றியா?" என்று கேட்டுவிட்டார். கட்டியிருந்ததோ புதுப்பட்டு. அதை மூன்று நாள் மொட்டைமாடியில் காயப்போட்டும் வாடை போகவில்லை.

மூக்கு சாருக்கு மட்டும் எந்த வாடையும் தெரியவில்லை. ஊரார் சோப்பில் ஒரு சொட்டு கூடினால் துள்ளுகிற மூக்கு, சொந்த வண்டிக்குள் நுழைந்ததும் தியானத்தில் உட்கார்ந்துவிடும். அவரவர் வீட்டு நாற்றம் அவரவருக்கு வாசனை.

அந்த வண்டியும் அவரும் ஒரே வருஷத்தில் பிறந்தவர்கள். பளபளப்பு மட்டும் வண்டிக்கு அதிகம். தினமும் காலையில் மெத்தென்ற துணியால் அதன் கன்னம் இரண்டையும் துடைப்பார். மனைவியின் கன்னத்தை அப்படித் தொட்டு எவ்வளவு காலம் ஆயிற்று என்று கேட்டால், வண்டி வாங்கியதற்கு முந்தியா பிந்தியா என்று யோசிப்பார். அவள் கல்யாணத்துக்கு முன்பே லைசென்ஸ் வாங்கியவள், அப்பாவின் காரை ஊரெல்லாம் ஓட்டியவள். ஆனால் இந்த வண்டியின் ஸ்டியரிங்கில் கைவைக்க விட்டதில்லை. கேட்டால், "இது வண்டி இல்லம்மா, வீணை. கண்டவங்க மீட்டினா தந்தி அறுந்துடும்" என்பார்.

வேட்டை தொடங்கியது.

முதல் நாள் பெட்ரோல் டேங்க். தொழிற்சாலையிலிருந்து மல்லிகை சோப்பைக் கொண்டுவந்து வாளியில் கரைத்து, குழாய்களின் மூட்டுக்கு மூட்டு நுரை பூசினார். கசிவு இருந்தால் கொப்புளம் கிளம்பும் என்பது சாஸ்திரம். ஒரு கொப்புளமும் கிளம்பவில்லை. முன்பு பெட்ரோல் நாறிய வண்டி, இப்போது மல்லிகைப் பந்தலுக்குக் கீழே பெட்ரோலைக் கொட்டியது போல நாறியது.

மறுநாள் டிக்கி. மூடியில் காகிதத் துண்டைக் கவ்வவிட்டு இழுத்துப் பார்த்தார். ரப்பர் பட்டை சரியாக இருந்தால் காகிதம் வரக்கூடாது. எல்லாப் பக்கமும் சுகமாக வந்தது. காகிதத்துக்கு வழிவிடும் இடுக்கு புகைக்கும் வழிவிடும் என்று புரிந்துவிட்டது. புது ரப்பர் வாங்கி ஒட்டினார். பின் லைட்டுக்குப் போகிற கம்பி ஓட்டையைக்கூட அடைத்தார்.

"முடிஞ்சுது கதை! உக்காந்து பாரு."

பின்சீட்டில் அவளை உட்காரவைத்து, தெருவை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"வருதுங்க," என்றாள் அவள், முந்தானைக்குள்ளிருந்து.

"எங்கேர்ந்து வருது?"

"அது தெரிஞ்சா நான் ஏன் உங்களைக் கட்டிக்கிட்டு அழறேன்? எனக்கு அடுப்படி மூக்கு. தீயறது தெரியும், அவ்வளவுதான். உங்களது சம்பளம் வாங்கற மூக்கு. நீங்கல்ல பின்னாடி உக்காந்து மோந்து பாக்கணும்?"

"நான் பின்னாடி உக்காந்தா யார் ஓட்டறது?"

"அதானே," என்றாள் அவள், மிகுந்த கவலையோடு. "எதிர்வீட்டு டாக்டரைக் கூப்பிடுவோமா?"

எதிர்வீட்டுக்காரர் பல் டாக்டர். நல்ல மனுஷன், நல்ல கைராசி. ஆனால் சொந்த காரை சொந்த கேட்டில் இரண்டு தடவை இடித்தவர். வீணையை அவர் கையில் கொடுப்பதைவிடக் குரங்கு கையில் கொடுக்கலாம்.

மூக்கு சார் வானத்தைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். கடைசியில் சாவியை மனைவியிடம் நீட்டினார். பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற தகப்பன்கூட அவ்வளவு கலங்கியிருக்க மாட்டான்.

"தெருமுனை வரைக்கும்தான். பிரேக்கை மெதுவா மிதி. கியரைக் கெஞ்சிப் போடு."

"சரிங்க. நீங்க குனிங்க."

பின்சீட்டின் மெத்தையைக் கழற்றிவிட்டு, மண்டியிட்டு, தலையை டிக்கிப் பக்கம் நுழைத்துக்கொண்டார் மூக்கு சார். வண்டி கிளம்பியது. தெருமுனை வந்தது, போனது. தலை உள்ளே இருந்ததால் அவருக்குத் தெரியவில்லை. நிமிரப் பார்த்தபோதெல்லாம், "ஏங்க, அந்த இடது மூலையைப் பாத்தீங்களா?" என்று முன்னாலிருந்து குரல் வந்தது. தையல்காரர் கடையில் நின்றது. காய்கறிக் கடையில் நின்றது. அவள் இறங்கி ஏறிய சத்தம் எல்லாம் கேட்டது. மூக்கு சார் கடமையிலேயே கண்ணாக, அதாவது மூக்காக, இருந்தார்.

சிக்னலில் பக்கத்தில் வந்து நின்றது அவருடைய தொழிற்சாலை மேலாளரின் கார். திறந்த ஜன்னல் வழியே அவருக்குத் தெரிந்தது மூக்கு சாரின் முகம் அல்ல, எதிர்ப்பக்கம்.

"என்னம்மா, சார் எதையாவது தொலைச்சுட்டாரா?"

"தொலைக்கல சார், தேடறார்."

"எதை?"

"நாத்தத்தை."

"லீவு நாள்லகூட வேலையா!" என்று மெச்சிக்கொண்டு போனார் மேலாளர். மறுநாள் தொழிற்சாலை முழுக்க அந்த மெச்சல் பரவி, மூக்கு சார் போன இடத்திலெல்லாம் ஆட்கள் குனிந்து நாற்காலிக்கு அடியில் பார்த்தார்கள்.

ஆனால் அன்றைக்கு வீடு திரும்பியதும் அவர் வெற்றி வீரராகத்தான் இறங்கினார். "ஒரு நாத்தமும் இல்ல! உனக்குத்தான் பிரமை!"

"ஆமாங்க, எனக்கும் தெரியலை. இப்ப நீங்க ஓட்டுங்க, பாப்போம்."

அவர் ஓட்டினார். அவள் முந்தானையை எடுத்தாள்.

"வருதுங்க."

வீட்டுக்குள் யுத்தம் மூண்டது. உன் மூக்கா என் மூக்கா என்று வார்த்தை தடித்தது. கடைசியில் பல் டாக்டரை நடுவராகப் பின்சீட்டில் உட்காரவைப்பது என்று ஒப்பந்தம் ஆயிற்று.

முதலில் மூக்கு சார் ஓட்டினார். டாக்டர் கண்ணில் நீர் வழிய இறங்கினார். பிறகு அவள் ஓட்டினாள். திரும்பி வந்தபோது டாக்டர் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

"நிஜமா சொல்லுங்க டாக்டர், அவளுக்குப் பரிஞ்சு பேசாதீங்க," என்று உலுக்கினார் மூக்கு சார்.

"நான் பல்லைப் பிடுங்கற ஆளு சார். பொய் சொல்லி வேற என்னத்தைப் பிடுங்கப் போறேன்? நீங்க ஓட்டினா கண்ணு எரியுது, அவங்க ஓட்டினா கண்ணு சொக்குது."

"அதெப்படி? வண்டி ஒண்ணுதானே?"

"வண்டி ஒண்ணுதான். டிரைவர் ரெண்டு," என்று சொல்லிவிட்டு டாக்டர் மிச்சத் தூக்கத்துக்குப் போய்விட்டார்.

மூக்கு சார் தன் சட்டையை மோந்து பார்த்தார். கக்கத்தை மோந்து பார்த்தார். கல்யாணத்துக்கு முந்தின நாள் இரண்டு தடவை குளித்தார். பிறகும் அவர் ஓட்டினால் நாறியது. அவள் ஓட்டினால் நாறவில்லை. வீணைக்கே தன்மேல் ஏதோ கோபம் என்று அவர் மனசு புகைந்தது.

கல்யாணத்தன்று காலையில் அவள் பட்டுடுத்திக்கொண்டு வாசலுக்கு வந்தாள். "சொல்லுங்க. பஸ்ஸா, காரா?"

"கார்தான்," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. "நீயே ஓட்டு."

"முன்னாடி வந்து உக்காருங்களேன்."

"ஸ்டியரிங் இல்லாத பக்கமா? அதுக்குப் பின்னாடியே மேல். முதலாளி மாதிரி இருக்கும்."

மண்டப வாசலில் வண்டி வழுக்கிக்கொண்டு வந்து நின்றதும் சொந்தமெல்லாம் சூழ்ந்துகொண்டது. முதலாளி மிடுக்காகப் பின்கதவைத் திறந்து இறங்கினார்.

"என்ன மாப்ளே, உடம்புக்கு என்ன?" என்று ஓடிவந்து கையைத் தாங்கினார் பெண்ணின் அப்பா, அதாவது மனைவியின் அண்ணன்.

"ஒண்ணுமில்லையே."

"கண்ணு ஆபரேஷனா? சொல்லவே இல்லையே!" என்றாள் ஒரு பெரியம்மா.

"லைசென்ஸைப் பிடுங்கிட்டாங்க போல," என்று யாரோ யாரிடமோ கிசுகிசுத்தார்கள். விருந்து முடிவதற்குள் மூக்கு சாருக்குக் கண்ணில் ஒன்று, காலில் ஒன்று, இருதயத்தில் ஒன்று என்று மூன்று வியாதிகள் வந்துவிட்டன. அவளைச் சுற்றியோ பெண்கள் கூட்டம். "இந்தப் பழைய வண்டியை நீயா ஓட்டினே!" என்று மூக்கில் விரல் வைத்தார்கள். அதுவும் ஒரு மூக்குதான். இவருடையது மட்டும்தான் அன்றைக்கு உடைந்திருந்தது.

திரும்பும்போது சகலையும் கூட வந்தார். அவர் கூச்சமே இல்லாமல் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, மூச்சை ஆழமாக இழுத்தார்.

"பரவால்லையே! போன தடவை உன் புடவை வாடையிலேயே மயக்கம் வந்துடுச்சு. இப்ப ஒரு வாடையும் இல்ல. ஆமா, இது என்னம்மா, டாஷ்போர்டுக்குக் கீழே ஒரு கறுப்புக் குமிழ்?"

"அதுவா மாமா? சோக்குன்னு சொல்வாங்க. வண்டி குளிர்ந்து கிடக்கறப்ப இழுத்துவிட்டா இஞ்சினுக்குப் பெட்ரோல் அதிகமா போகும், சட்டுனு கிளம்பும். கிளம்பினதும் உள்ள தள்ளிடணும். தள்ளாமலே ஓட்டினா எரியாத பெட்ரோலெல்லாம் பின்னாடி புகையா வந்து, வண்டி பூரா நாறும். ஜன்னல் திறந்திருந்தா உள்ளேயே வந்துடும்."

பின்சீட்டில் மூக்கு சார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அந்தக் குமிழை அவர் தள்ளியதே இல்லை. ஒருநாள் சிக்னலில் வண்டி அணைந்து, பின்னால் வந்த லாரிக்காரன் கண்டபடி பேசியதிலிருந்து, அதைப் பாதி இழுத்தபடியே வைத்திருந்தார். வயசான இஞ்சினுக்குக் கொஞ்சம் கூடுதலாக ஊட்டினால் தெம்பாக இருக்கும் என்று அவர் நினைப்பு. சத்தமும் கம்பீரமாக வரும். டேங்கில் நுரை பூசியபோதும், டிக்கியில் தலையை விட்டுக் கிடந்தபோதும், குமிழ் அங்கேதான் இருந்தது. அவள் சீட்டில் உட்கார்ந்த நிமிஷம் ஒரு விரலால் அதைத் தள்ளியிருக்கிறாள். இறங்குகிற நிமிஷம் மறுபடி பாதி இழுத்து, அவருடைய பழக்கப்படியே விட்டிருக்கிறாள்.

"இந்தா," என்றார் மூக்கு சார். "இது உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"எங்கப்பா வண்டியிலயும் இதே குமிழ்தாங்க," என்றாள் அவள், கண்ணாடியில் அவரைப் பார்த்து, கியரைப் பூப்போல மாற்றியபடி.

"அப்ப முதல் நாளே சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருந்தா நீங்கல்ல ஓட்டியிருப்பீங்க?"