மாமியார் அழுத கார்

மூன்று தெருக் கூட்டமும் அந்த வீட்டு வாசலில்தான் நின்றது. கார் அழுகிறதாம்! அழுவது கார்கூட அல்ல, காருக்குள் இருக்கும் மாமியாராம். போன வருஷம் கண்ணை மூடிய மாமியார், தான் ஓட்டிய பழைய காரைப் பிரிய மனமில்லாமல் பானெட்டுக்குள் குடியேறிவிட்டாராம். கண்டுபிடித்தவர் எஞ்சின் சித்தர். மனிதர்களைப் பிடித்து அலுத்துப்போன ஆவிகள் வண்டிகளைப் பிடிக்கத் தொடங்கிய சேதி, உலகத்திலேயே அவர் ஒருவருக்குத்தான் வந்து சேர்ந்திருந்தது.

முதல் வரிசையில் கைகட்டி நின்றார் மருமகன். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஊருக்கெல்லாம் பார்வை கொடுக்கிற மனிதர், தன் பார்வையை மட்டும் கடையிலேயே வைத்துப் பூட்டிவிட்டு வந்திருந்தார். கொஞ்ச நாளாகக் காலையில் காரைக் கிளப்பினால் "கீஈஈ" என்று அலறுகிறது. மெக்கானிக்கிடம் போயிருக்கலாம். ஆனால் மெக்கானிக் பானெட்டைத் திறந்து பார்ப்பார். சித்தர் எதையுமே திறக்காமல் சொல்லிவிட்டாரே! அந்த ஞானம் யாருக்கு வரும்?

சித்தர் ஓட்டுநர் இருக்கையில் சாய்ந்து, எஞ்சினை ஓடவிட்டு, கண்ணை மூடினார். முன்விளக்கு இரண்டிலும் கறுப்புத் துணியை மடித்து மடித்துக் கட்டியிருந்தார். ஆவிக்கு வெளிச்சம் ஆகாதாம். அப்படியென்றால் இந்த வெயில் மட்டும் ஆகுமா என்று ஒருவரும் கேட்கவில்லை.

"தாயே, உள்ள இருக்கீங்களா?"

"கீஈஈ!"

"இந்த வண்டியை ஆசிரமத்துக்குக் கொடுத்தாத்தான் உங்க ஆத்மா அடங்குமா?"

"கீஈஈஈ!"

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. உயிரோடு இருந்தபோது அத்தை ஒரு கேள்விக்கும் இவ்வளவு சுருக்கமாகப் பதில் சொன்னதில்லையே என்று மருமகனுக்கு லேசாக உறுத்தியது. உறுத்தலை விழுங்கிவிட்டுச் சட்டைப்பையில் சாவிக்கொத்தைத் தடவிப் பார்த்தார். பின்தெருப் பால்காரர் போன மாதமே தன் வேனைச் சித்தரிடம் ஒப்படைத்துவிட்டு, இப்போது பால் கேனைச் சைக்கிளில் கட்டி மூச்சுவாங்க மிதித்துக்கொண்டிருந்தார். நமக்கு என்ன குறைந்துவிடப் போகிறது?

அப்போது மருமகனின் மனைவி வீட்டுக்குள்ளிருந்து வெளியே வந்தாள். தையல்காரி, கழுத்தில் அளவு டேப் தொங்கியது. அம்மா அழுகிறாள் என்று கேட்ட நாளிலிருந்து அவள் சரியாகத் தூங்கவில்லை. அம்மாவின் நினைவாக மிஞ்சியிருப்பது அந்தக் கார் ஒன்றுதான்.

"சாமி, நான் அம்மாகிட்ட ஒண்ணு கேக்கலாமா?"

"கேள் மகளே."

"அம்மா, என்னை எப்பவும் செல்லக்கிளின்னுதானே கூப்பிடுவே? ஞாபகம் இருக்கா?"

"கீஈஈ!"

கூட்டம் கண்ணைத் துடைத்துக்கொண்டது. மருமகனுக்குத்தான் தூக்கிவாரிப் போட்டது. அத்தை கடைசிவரை மகளைக் கூப்பிட்டது 'கழுதை' என்றுதான். ஆசையாகக் கூப்பிட்டால் 'எருமை'. கிளிப் பேச்சே அந்த வீட்டில் கிடையாது!

"இன்னும் கொஞ்ச நேரம் நிறுத்தாம அழும்மா. உன் குரலைக் கேட்டுக்கிட்டே இருக்கணும்."

சித்தருக்கு ஒரே குஷி. "கீஈஈஈஈஈ" என்று மாமியார் மூச்சுவிடாமல் அழுதார். கொஞ்ச நேரத்தில் கருகல் வாசனை கிளம்பியது.

"ஆவி மணம்!" என்றார் சித்தர். மருமகன்கூடப் பழக்கதோஷத்தில் பக்தியோடு ஒருமுறை மூச்சை இழுத்துவிட்டார்.

"துணி கருகுற மணம். நாள்பூரா இஸ்திரி போடுறவ எனக்குத் தெரியாதா?" என்று துணியைப் பிடித்து இழுத்தாள் அவள். முன்விளக்கு பளீரென்று எரிந்து மருமகனின் கண்ணாடியில் அடித்தது. சித்தரின் கை சட்டென்று விளக்குச் சுவிட்சை அணைத்தது. அழுகையும் நின்றது.

"இறங்குங்க சாமி."

அவர் இறங்கினார். அவள் ஏறி உட்கார்ந்தாள்.

"அம்மா, இந்த ஆளு திருட்டுப் பயலா?" சுவிட்சைப் போட்டாள்.

"கீஈஈ!"

"பால்காரரோட வேனை வித்துத் தின்னாச்சா?"

"கீஈஈஈஈ!"

வயிறு குலுங்கச் சிரித்தது கூட்டம். கூட்டத்தின் ஓரத்தில் சைக்கிளோடு நின்ற பால்காரர் மட்டும் சிரிக்காமல், நழுவப் பார்த்த சித்தரின் அங்கியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டார்.

அவள் எஞ்சினை நிறுத்தி பானெட்டைத் திறந்தாள். உள்ளே டைனமோவைச் சுழற்றும் பெல்ட் தொளதொளவென்று கிடந்தது. "விளக்கைப் போட்டா டைனமோவுக்குப் பாரம். தளர்ந்த பெல்ட் வழுக்கிக் கத்துது. தையல் மிஷின்லயும் இதே கூத்துதான். என்னங்க, சும்மா நிக்காம அந்த ஸ்பேனரை எடுங்க!"

மருமகன் ஓடினார். அவர் போல்ட்டைத் தளர்த்த, அவள் கம்பியால் டைனமோவை நெம்பிப் பிடிக்க, பெல்ட் விறைத்ததும் மீண்டும் முடுக்கினார். கிளப்பி விளக்கைப் போட்டார்கள். கார் சமர்த்தாக உறுமியது.

"எங்க அம்மா அழுறாங்கன்னு என்னை எத்தனை நாள் அழ வெச்சீங்க!" என்று சித்தரைப் பார்த்துக் கேட்டாள் அவள். மருமகன் வெட்கத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பக்கத்து வீட்டம்மா மெல்ல வந்து அவள் காதைக் கடித்தார். "அது கிடக்கட்டும்மா. உங்க அம்மாகிட்ட அப்படியே எங்க வீட்டுக்காரர் சாயங்காலத்துல எங்க போறார்னு ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லேன்."

அவள் பானெட்டை அறைந்து சாத்தினாள்.

"கார் மூடியை நான் திறந்துட்டேன் அக்கா. உங்க மூளைக்கு மேல இருக்கிற மூடியை நீங்கதான் திறக்கணும்!"