ரஞ்சிதம் குணமான கதை

ஒரு காட்டில், தார்ச்சாலையும் செல்போன் கோபுரமும் வந்துவிட்ட பிறகும் தன்னைக் காடு என்றே சொல்லிக்கொண்டிருந்த ஒரு காட்டில், சடையாண்டி என்ற நரி ஒரு கரடியை வைத்துப் பிழைத்துவந்தது. கரடியின் பெயர் ரஞ்சிதம். குட்டியாக இருந்தபோதே அதன் மூக்கில் துளை போட்டுக் கயிறு கோத்துவிட்டது நரி. சந்தை கூடும் நாட்களில் உடுக்கையை அடிக்கும். கயிறு இழுபடும் முன்பே ரஞ்சிதம் பின்னங்கால்களில் எழுந்து ஆடும். ஆட்டம் முடிந்ததும் முயல்களும் அணில்களும் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு வரிசையில் நிற்கும். நரி கரடியின் முதுகிலிருந்து முடியைப் பிடுங்கித் தாயத்தில் அடைத்துக் கொடுக்கும். பயம் தெளியுமாம். பிடுங்கப் பிடுங்க ரஞ்சிதத்தின் முதுகு சொட்டையாகிக்கொண்டே வந்தது.

இதைக் கேள்விப்பட்டு, விலங்குத் துயர் துடைப்புச் சங்கத்தின் தலைவி தனபாக்கியம் அம்மாள் நேரிலேயே வந்துவிட்டார். அவர் ஒரு காட்டெருமை. கூடவே சங்கச் செயலாளர் சுகுமாரன் என்ற மயில், கையில் செல்போனோடு வந்தது. அம்மாள் கொம்பை ஆட்டிய ஆட்டத்தில் நரி உடுக்கையைப் போட்டுவிட்டு ஓடியது. அவரே பல்லால் கடித்துக் கயிற்றை உருவினார். மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. ரஞ்சிதத்துக்கு அது வலியாகவே தெரியவில்லை. அழுகை வந்தது.

"அம்மா, வீடியோ பதிவாகல," என்றது மயில்.

அம்மாள் யோசித்தார். பிறகு ரஞ்சிதத்தின் பக்கம் திரும்பி, "கண்ணு, கயித்தை இன்னொரு தடவை கோத்துக்கலாமா? ஒரு நிமிஷம்தான்," என்றார்.

காப்பாற்ற வந்தவர்களிடம் எப்படி முடியாது என்பது? ரஞ்சிதம் மூக்கைக் காட்டியது. புதருக்குள் ஒளிந்திருந்த நரியைக் கூப்பிட்டார்கள். கயிறு கோக்க அதற்குத்தான் தெரிந்திருந்தது. இரண்டாவது மீட்பு அழகாகப் பதிவானது.

மறுவாழ்வு மையம் உண்மையில் நல்ல இடம்தான். சுற்றிலும் வேலி, உள்ளே ஒரு குளம், இரண்டு இலுப்பை மரம். மூக்குக்கு மருந்து போட்டார்கள். தேன் கொடுத்தார்கள். முதல் நாட்களில் எங்கே மரங்கொத்தி கொத்தினாலும் ரஞ்சிதம் எழுந்து நின்று ஆடத் தொடங்கும். பிறகு அது குறைந்தது. புண் ஆறியது. முதுகில் முடி கறுகறுவென்று வளர்ந்தது. ஒரு காலையில் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கரையான் புற்றின் வாசனை வந்தபோது, தான் யார் என்பதே அதற்கு ஞாபகம் வந்தது போலிருந்தது. அன்று முழுக்க வேலியோரமாக மண்ணைத் தோண்டிக்கொண்டே இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் வெளிநாட்டுப் பூநாரைகள் வருவதாகச் செய்தி வந்தது. சங்கத்துக்கு நன்கொடை தருகிறவர்கள் அவர்கள்தான்.

தனபாக்கியம் அம்மாள் ரஞ்சிதத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "என்ன சுகுமாரன், இது இப்படிப் பளபளன்னு இருக்கு?"

"குணமாயிடுச்சு அம்மா."

"அது தெரியுது. வர்றவங்க என்னத்தைப் பார்த்து அழுவாங்க?"

மயிலுக்கு ஒரு யோசனை தோன்றியது. முன்பு பட்ட கஷ்டத்தை ரஞ்சிதமே நடித்துக் காட்டினால் போதும். விழிப்புணர்வு நிகழ்ச்சி என்று பெயர் வைத்துவிடலாம். ஆனால் சங்கத்தில் யாருக்கும் உடுக்கை அடிக்கத் தெரியவில்லை.

மறுநாள் மையத்துக்குள் சடையாண்டி நுழைந்தது. அதன் கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. 'கரடி நல ஆலோசகர்' என்று அதில் போட்டிருந்தது. ரஞ்சிதம் குளத்துக்குள் இறங்கி நின்றுகொண்டது.

"பழசையெல்லாம் மனசுல வெச்சுக்காதே தாயி," என்றது நரி. "நானும் இப்போ உன் கட்சிதான்."

நிகழ்ச்சி நாளில் உடுக்கை ஒலித்தது. ரஞ்சிதத்தைக் கேட்காமலேயே அதன் கால்கள் எழுந்தன. பூநாரைகள் ஒற்றைக்காலில் நின்று தேம்பித் தேம்பி அழுதன. நன்கொடை குவிந்தது. நிகழ்ச்சி தினமும் நடந்தது. நரியிடம் இருந்தபோதாவது சந்தை இல்லாத நாளில் ஓய்வு கிடைத்தது.

ஒருநாள் ரஞ்சிதம் தலைவியிடம் போய் நின்றது. "அம்மா, நான் காட்டுக்குப் போறேன்."

"இதுவும் காடுதானே கண்ணு?"

"வேலி இருக்கே."

"உனக்கு உடம்பு தேறிடுச்சு, மனசு இன்னும் தேறல. அதான் இப்படிப் பேசுற."

"எப்போ தேறும்?"

"போறேன்னு கேக்கறதை எப்போ நிறுத்துறியோ, அப்போ தேறிட்டேன்னு அர்த்தம்."

ரஞ்சிதம் வேலியோரம் போய் மறுபடி மண்ணைத் தோண்டியது.

ஆண்டு விழா வந்தது. மர மேடையில் தனபாக்கியம் அம்மாளும் மயிலும் உட்கார்ந்திருக்க, எதிரே பூநாரைகள் கண்ணீருக்குத் தயாராக நின்றன. நரி உடுக்கையை எடுத்து அடித்தது. ரஞ்சிதத்தின் முன்னங்கால்கள் தரையை விட்டு எழுந்தன. அந்த நேரம் பார்த்து மேடைக் காலிலிருந்து கரையான் வாசனை வந்தது. ஈர மரத்தில் போட்ட மேடை அது. உள்ளே புற்று வைத்து நாளாகியிருந்தது.

எழுந்த கால்களை ரஞ்சிதம் தரையில் வைத்தது. நரி இன்னும் வேகமாக அடித்தது. ரஞ்சிதம் நிதானமாக நடந்துபோய், நகத்தால் மேடைக் காலைப் பிளந்து, மூக்கை உள்ளே விட்டு உறிஞ்சத் தொடங்கியது. அந்தச் சத்தத்தில் உடுக்கை யாருக்கும் கேட்கவில்லை. ஒரு கால் முடிந்ததும் அடுத்த காலுக்குப் போனது. மேடை சரிந்தது. தலைவி கீழே, செயலாளர் அவருக்கும் கீழே. இருவரையும் தூக்க எல்லோரும் ஓடியபோது, காவலுக்கு ஆளில்லாத வாசல் வழியாக ரஞ்சிதம் வெளியே போனது. ஓடவில்லை. நாலு காலில் நடந்தே போனது. மலைச்சரிவில் முதல் புற்றைக் கண்டதும் அதன்மேல் சாய்ந்து, நெடுநேரம் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தது. பிறகு தோண்ட ஆரம்பித்தது.

மையத்தில் பூநாரைகள் முகம் சுளித்தன. "இவ்வளவு செஞ்சும் ஒரு நன்றி சொல்லலையே," என்றது ஒன்று. "இனிமே நாங்க யாருக்காக அழறது?" என்றது இன்னொன்று. இறக்கையை விரித்துப் புறப்படத் தயாராகின.

கட்டுப்போட்ட கொம்போடு தனபாக்கியம் அம்மாள் கூட்டத்தைப் பார்த்தார். பிறகு, வேலை போன துக்கத்தில் உடுக்கையைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்த நரியைப் பார்த்தார்.

"சுகுமாரன், போன் உடையாம இருந்தா எடு," என்றார்.

மாலைக்குள் பலகை மாறியது. 'கரடிகளால் பாதிக்கப்பட்டோர் மறுவாழ்வு மையம்'. முதல் பயனாளி சடையாண்டி. தேன் சாப்பிட்டபடி அது சொன்ன கதையைக் கேட்டுப் பூநாரைகள் முன்பைவிட அதிகமாக அழுதன.

நீதி: உதவி பெறுகிறவர்கள் குணமாகித் தொலைக்கக் கூடாது. உதவி செய்கிறவர்களின் மனம் என்ன பாடுபடும் என்று கொஞ்சமாவது நினைத்துப் பார்க்க வேண்டும்.