ஊதுபத்தியரும் நீலக் கிணறும்

மன்னார்த் தீவிலும் கரையிலும் ஊதுபத்தியர் நுழைந்து பார்க்காத கக்கூஸ் ஒன்றுகூட இல்லை. வீடு பார்க்க வருகிறவர்கள் முதலில் விறாந்தையைப் பார்ப்பார்கள். இவர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே அங்கேதான் போவார்.

சண்டை முடிந்து சனங்கள் திரும்பி வந்து, தகரக் கொட்டில்களில் இருந்தபடி புது வீடுகள் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. வீடு முடிந்ததும் தண்ணீர்க் குழாய், கக்கூஸ் குழி, கிணறு, மின்சார வயர், அடுப்படிப் புகைக்கூடு, காற்றோட்டம் எல்லாம் சரியா என்று பார்த்துக் கையெழுத்துப் போடும் அதிகாரி அவர். அந்தக் கையெழுத்து விழாவிட்டால் வீட்டுக்குக் கரண்ட் வராது. அவர் சொல்லச் சொல்லப் படிவம் நிரப்பும் கிளாக்கர் நான். அவருக்கு முழ நீளத்தில் ஒரு சொந்தப் பெயர் இருந்தது. கந்தோர் இடாப்பைத் தவிர வேறெங்கும் அதை யாரும் பாவித்ததில்லை.

காற்றோட்டம் பார்க்க அவரிடம் இருந்த ஒரே கருவி ஊதுபத்தி. அறையின் நடுவில் நின்று கொளுத்துவார். புகை சுவரில் வைத்த ஓட்டைப் பூக்கல் வழியாக வெளியே போனால் வீடு பாஸ். உள்ளேயே சுற்றினால் சுவரை உடைக்க வேண்டும். அடம்பனில் ஒரு வீட்டுக்கார அம்மா, இவர் பத்தியும் கையுமாக அறை அறையாகப் போவதைக் கண்டு பதறி, தட்டில் வெற்றிலையும் தேங்காயும் கொண்டு வந்துவிட்டார்.

“ஐயா, குடிபூரலுக்கு நாங்கள் வேற ஐயரிட்டச் சொல்லிப்போட்டம். அவர் கோவிப்பார்.”

“நான் பூசைக்கு வரேல்லை அம்மா. உங்கட வீட்டுப் புகை எங்க போகுதெண்டு பாக்க வந்தனான்.”

“அது கடவுளிட்டத்தான் போகும்.”

“போகேல்லை. மூலைக்குள்ள நிக்குது. கிளாக்கர், எழுதும்!”

அடுப்படிச் சோதனை இதைவிட மோசம். ஈர விறகை மூட்டச் சொல்லிவிட்டு, கதவைச் சாத்தி, உள்ளே கதிரை போட்டு இருந்துவிடுவார். எனக்கும் ஒரு கதிரை. நாங்கள் இருவரும் எத்தனை தரம் இருமினோம் என்று நான் குறிக்க வேண்டும். என் இருமல் ஏறிய அளவுக்கு இந்த நாட்டில் வேறு எவருடைய இருமலும் கோப்பில் ஏறியிருக்காது.

வயரிங் செய்தவர்கள் அவர் தலைக்கறுப்பைக் கண்டாலே ஒளிந்துகொள்வார்கள். கரண்ட் வருவதற்கு முன்பே ஒவ்வொரு சுவிச்சையும் நூறு தரம் போட்டு நிற்பாட்டச் சொல்வார். சத்தமாக எண்ண வேண்டும். இவர் சுவரில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பார். மன்னார்ப் பட்டினத்தில் ஒரு வீட்டில் எழுபதைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கையில் யன்னலுக்குள் ஒரு கழுதை தலையை நீட்டியது. வயரிங்காரர் திகைத்து நின்றுவிட்டார்.

“எத்தினையில நிண்டனீர்?”

“கழுதையில சேர்.”

“அப்ப முதல்ல இருந்து.”

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் செயினம்பு ராத்தாவின் வீடு வந்து மாட்டியது. ராத்தாவும் கணவர் காசிம் நானாவும் புத்தளத்தில் இருபது வருசம் அகதியாக இருந்துவிட்டுத் தீவுக்குத் திரும்பி வந்தவர்கள். நானாவுக்குக் கடுமையான இழுப்பு. தகரக் கொட்டிலின் வெக்கையிலும் புழுதியிலும் அவர் மூச்சு விடும் சத்தம் ஒழுங்கையின் தலைப்பில், றோட்டில் நின்றாலும் கேட்கும். மருந்தை ஆவியாக்கி மூச்சில் ஏற்றும் மெசின் ஒன்றை மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பியிருந்தான். கரண்ட் இல்லாததால் அது பெட்டி பிரிக்காமல் கிடந்தது.

வீட்டில் எல்லாம் பாஸ். ஊதுபத்திகூடக் கொளுத்தவில்லை. நானாவை ஒருமுறை பார்த்துவிட்டுப் ஊதுபத்திப் பெட்டியைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு, ஒரு நூல் துண்டைத் தூக்கிப் பிடித்தே காற்றைப் பார்த்தார். மிச்சம் இருந்தது கிணற்றுச் சோதனை மட்டும்தான்.

மன்னார் மண் வெறும் மணல். கக்கூஸ் குழியின் தண்ணீர் கிணற்றுக்குள் ஊறிவிடும் என்பது அவருடைய தீராத பயம். உடுப்புக்குப் போடும் நீலத்தைக் குழிக்குள் கரைத்து ஊற்றிவிட்டு, மறுநாள் வந்து கிணற்றை எட்டிப் பார்ப்பார். வீட்டுக்காரருக்கு மூச்சு விடமாட்டார். சொன்னால் விடியமுன் கிணற்றை இறைத்து வைத்துவிடுவார்களாம்.

புதன்கிழமை நீலம் ஊற்றினோம். வியாழன் பின்னேரம் மின்சாரக்காரர்கள் அந்த ஒழுங்கைக்கு வர இருந்தார்கள். கையெழுத்தில்லாத வீட்டை விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அடுத்த முறை எப்போது என்று அவர்களுக்கே தெரியாது.

வியாழன் காலை எட்டிப் பார்த்தோம். கிணறு நீலமாக இருந்தது.

“ராத்தா, நான் கையெழுத்து வைக்கேலாது. குழியை மாத்தவேணும்.”

“சேர், அந்த மனுசன்ட மூச்சைக் கேக்கிறீங்கதானே? இண்டைக்குக் கரண்ட் வரவேணும் எண்டு ராவெல்லாம் அல்லாஹ்விட்டக் கேட்டனான்.”

“கேக்குது. அதுக்காக அவருக்குக் கக்கூஸ் தண்ணியக் குடுக்கட்டோ?”

ராத்தா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். எனக்கு அந்த மனிதரின் கழுத்தைப் பிடிக்கலாம் போல இருந்தது. அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் திரும்பினேன். கொடியில் நானாவின் வெள்ளைச் சாரமும் வெள்ளை ஜுப்பாவும் தொங்கின. நுனியில் நீலம் சொட்டியது.

“ராத்தா, இண்டைக்கு உடுப்புக்கு நீலம் போட்டனீங்களோ?”

“ஓம் தம்பி. நாளைக்கு ஜும்ஆ எல்லே?”

“எந்த வாளியில?”

கிணற்று வாளியைக் காட்டினார். நீலம் கரைத்த அதே வாளியைத்தான் திரும்பவும் கிணற்றுக்குள் விட்டிருக்கிறார்.

“பிறகென்ன சேர், வையுங்கோவன் கையெழுத்தை” என்றேன்.

“இது வாளி நீலமோ, குழி நீலமோ? உமக்குத் தெரியுமோ?”

தெரியாது என்றேன். ஊதுபத்தியர் சட்டையைக் கழற்றிக் கொடியில், ஜுப்பாவுக்குப் பக்கத்தில் போட்டார். காற்சட்டையை முழங்காலுக்கு மேலே சுருட்டிக்கொண்டு, ஐம்பது தாண்டிய அந்த மனிதர் கிணற்றுக்குள் இறங்கினார். முழுவதையும் இறைத்துவிட்டால் சுற்றியுள்ள தண்ணீரெல்லாம் ஓடி வரும். குழிநீலம் ஒரு துளி இருந்தாலும் அப்போது தெரிந்துவிடும் என்றார். அவர் கீழே நின்று மொள்ள, இடுப்பு நோவுக்காரனான நான் மேலே நின்று இழுத்தேன். வெய்யில் உச்சிக்கு ஏறும்வரை இழுத்தேன். உள்ளங்கைத் தோல் கயிற்றோடு போனது. நான் அவரைத் திட்டிய திட்டு அச்சில் ஏறாது.

மின்சாரக்காரர்கள் ஏணியோடு வந்து நின்று, “சேர், நேரம் போகுது” என்றார்கள்.

“கிணறு ஊறட்டும்” என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

ஊறியது. கணுக்கால், முழங்கால் என்று ஏறியது. அவர் இரண்டு கையாலும் ஒரு வாய் அள்ளி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். துளி நீலமும் இல்லாத தெளிந்த தண்ணீர். மறு பேச்சில்லாமல் அதைக் குடித்தார். மேலே ஏறி வந்து ஈரக் கையாலேயே கையெழுத்துப் போட்டார்.

பொழுதுபடுகையில் மெசின் ஓடத் தொடங்கியது. ராத்தா தந்த தேத்தண்ணீரோடு விறாந்தையில் இருந்தோம். உள்ளே நானாவின் இழுப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கி, நித்திரை மூச்சாக மாறியது. ஊதுபத்தியர் சுவரில் காதை வைத்து அதைக் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, “கை எரியுதோ?” என்று மெதுவாகக் கேட்டார்.

எரிந்தது. இல்லை என்றேன். அந்த நேரத்தில் இன்னும் பத்துக் கிணறு இறைக்கச் சொல்லியிருந்தாலும் அந்த மனிதரோடு இறைத்திருப்பேன்.