மேஜைக்கு அடியில் என்ன?

ஆகஸ்டு ஐந்தாம் தேதி காலை, பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் இருக்கும் பொது நூலகத்தின் வாசல் பலகையில், ‘செய்திகளும் வரும் நிகழ்ச்சிகளும்’ என்ற தலைப்புக்குக் கீழே ஒரு பழைய புகைப்படம் ஒட்டப்பட்டது. படத்துக்கு அடியில் நூலகரின் கையெழுத்தில் நான்கு வரிகள்: ‘இந்தச் சிறுவன் யார்? தெரிந்தவர்கள் நூலகரிடம் சொல்லவும். ஐம்பதாம் ஆண்டு விழாவில் அவர் மேடையில் கௌரவிக்கப்படுவார். அவர் பெயருடன் இந்தப் படம் வாசிப்புக் கூடத்தில் நிரந்தரமாக மாட்டப்படும்.’

புதன்கிழமை வரை யாரும் வாய் திறக்கவில்லை. அதுதான் நூலகருக்கு வந்த சிக்கல். அந்தச் சிறுவன் யார் என்று அவருக்குத் தெரியும். அவரேதான்.

வெள்ளையடிப்பதற்காக அலமாரியை நகர்த்தியபோது சுவரோரம் தூசிக்குள் கிடைத்த கறுப்பு வெள்ளைப் படம் அது. பின்பக்கம் எழுதியிருந்ததைப் பூச்சி தின்றுவிட்டிருந்தது. வாசிப்புக் கூடத்தின் நீள மேஜை. அதில் முழங்கைகளை ஊன்றி உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளை. ஒட்ட வெட்டிய தலை. முகத்தில் முக்கால்வாசியை மறைக்கும் தடிப் புத்தகம். கட்டம் போட்ட சட்டை. எல்லாப் பொத்தானும் வெள்ளை, சட்டைப் பையில் மட்டும் கறுப்பு.

அந்தக் கறுப்புப் பொத்தானை நூலகர் சாகும்வரை மறக்கமாட்டார். ஐந்தாம் வகுப்பில் கணக்குப் பாடம் முழுக்க அதைத்தான் திருகிக்கொண்டிருந்தார்.

மேஜைக்கு அடியில், இருட்டில், வெளிறிய ஏதோ ஒன்று மங்கலாகத் தெரிந்தது. அது தன் துணிப்பையாக இருக்கும் என்று அவர் முடிவு செய்திருந்தார்.

பிறகு ஏன் வாயைத் திறந்து சொல்லவில்லை? அந்தக் கூடத்தின் சுவரில், நூலகக் குழுவுக்கு இதுவரை இருந்த தலைவர்கள் எல்லோரும் படங்களாக வரிசையாகத் தொங்கினார்கள். மின்விசிறியின் இறக்கையில்கூட நன்கொடை கொடுத்தவரின் பெயர் இருந்தது; விசிறியை நிறுத்தினால் படிக்கலாம். நூலகர் என்று ஒருவர் இருந்ததற்கு மட்டும் எங்கும் அடையாளம் இல்லை. அதற்காகத் தானே அறிவிப்பு எழுதி, தானே கையைத் தூக்குவதா? வேறு யாராவது வந்து, “சார், இது நீங்கதானே?” என்று கேட்க வேண்டும். அவர் “சேச்சே, நானா?” என்று கூச்சப்பட வேண்டும். அவர்கள் விடக்கூடாது. அந்தச் ‘சேச்சே’யைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகியும் வைத்திருந்தார்.

புதன்கிழமை மதியம், கையில் கிடைத்த அகராதியை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு பலகைக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

அந்த வழியாக வந்த உதவி நூலகர் நின்றாள். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆன சுறுசுறுப்பான பெண்.

“கண்ணு தெரியலையா சார்? இவ்ளோ கிட்ட வச்சுப் படிக்கிறீங்க?”

“இல்லம்மா. சும்மா. அந்தப் படத்தப் பாரு. யாரையாவது ஞாபகப்படுத்துதா?”

அவள் படத்தைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள்.

“ஆமா சார்!”

“யாரு?”

“எங்க பெரியப்பா.”

நூலகர் அகராதியை மூடினார்.

நூலகரின் அக்கா சாப்பாட்டோடு வந்தார். தினமும் அவர்தான் கொண்டுவருவார். தம்பி சாப்பிட்டுவிட்டு நாற்காலியிலேயே கொஞ்சம் கண்ணயர்வார். அது முடியும்வரை அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து எதையாவது புரட்டிக்கொண்டிருப்பார். அன்று பலகைக்கு முன்னால் நெடுநேரம் நின்றுவிட்டு உள்ளே வந்தார்.

“படத்த ரொம்ப மேல ஒட்டியிருக்கடா. கொஞ்சம் இறக்கி ஒட்டு. அடியில இருக்கறது சரியா தெரியல.”

“அடியில என்னக்கா இருக்கு? மூஞ்சிதான் முக்கியம்.”

“மூஞ்சியத்தான் புஸ்தகம் மறைக்குதே.”

“இதெல்லாம் ஆபீஸ் விஷயம்க்கா. சாப்பாட எடுத்து வை.”

அக்கா எடுத்து வைத்தார்.

மறுநாள் அறிவிப்பில் ஒரு வரி கூடியது: ‘அவர் நீங்கள் நினைப்பதைவிட அருகிலேயே இருக்கிறார்!’ இதைவிட வெளிப்படையாக எழுத முடியாது என்று நூலகர் நினைத்தார்.

வரி வேலை செய்தது. நூலகத்துக்கு நேர் எதிரே கடை வைத்திருக்கும் தையல்காரர், அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடியே தெருவைக் கடந்து வந்தார்.

“சார், ‘அருகில்’னு என்னைத்தான எழுதியிருக்கீங்க? எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

“நீங்களா?”

“நானேதான். வீட்ல ஒன்பது பேரு. எனக்குன்னு தனியா ஒரு நாற்காலி கெடச்ச ஒரே எடம் இது. சாத்துற நேரம் வந்தா, புஸ்தகத்த விட நாற்காலிய விட்டுட்டுப் போறதுதான் கஷ்டமா இருக்கும்.”

நூலகர் அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

சாயங்காலம் பல் டாக்டர் வந்தார். நோயாளியின் வாயில் பஞ்சை வைத்துவிட்டு வந்திருந்ததால் அவசரத்தில் இருந்தார்.

“அந்தத் தடிப் புத்தகத்துக்குள்ள என்ன இருக்கு தெரியுமா? படக்கதை! நான் எப்பவும் அப்படித்தான் மறைச்சு வச்சுப் படிப்பேன். எங்கப்பா எட்டிப் பார்த்துட்டு, ‘பையன் டாக்டராயிடுவான்’னு ஊரெல்லாம் சொல்லிட்டாரு. அப்புறம் ஆகாம இருக்க முடியுமா?”

டிரைவிங் ஸ்கூல்காரர் சனிக்கிழமை வந்தார். “மூணாவது மேஜைக்கு ஒரு கால் ஆடும் சார். காகிதத்த மடிச்சு அண்டக் குடுத்திருப்பாங்க. நான் அத உருவிட்டு, மேஜைய ஸ்டியரிங்கா நெனச்சு ஓட்டிட்டிருப்பேன்.”

மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. அதுதான் நூலகரைப் படுத்தியது. மூன்றாவது மேஜையின் கால் ஆடியது உண்மை. தடிப் புத்தகத்துக்குள் படக்கதை வைத்து அவரும் படித்திருக்கிறார். சாத்துகிற மணி அடித்ததும் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மனசு வராதே, அதுவும் அவருக்குத் தெரியும். மூன்று பேரும் சொல்லச் சொல்ல, அந்தக் கூடத்தின் பழைய புத்தகப் பசைவாசனை அவர் மூக்குக்கு வந்தது. ஆனால் பொத்தான் அவருடையது.

ஒரு பரீட்சை வைத்து மூவரையும் கழித்துவிடுவது என்று தீர்மானித்தார். படத்தின் கீழ்ப்பாதியை வெள்ளைத்தாள் ஒட்டி மறைத்தார். பலகையில் எழுதினார்: ‘உண்மையான சிறுவனுக்கு மட்டுமே தெரியும்: மேஜைக்கு அடியில் என்ன?’

படம் ஒரு வாரமாக வாசலில் தொங்கியதையும், ஊரே அதைப் பார்த்துவிட்டதையும் அவர் யோசிக்கவில்லை.

“துணி மூட்டை,” என்றார் தையல்காரர். “அப்பவே எங்கப்பாவுக்குத் துணி தூக்கிட்டுப் போவேன்.”

“பூனை,” என்றார் பல் டாக்டர். “என் பின்னாலயே வரும்.”

“காத்துப்போன பந்து,” என்றார் டிரைவிங் ஸ்கூல்காரர்.

“பூனைய உள்ள விடுவாங்களா டாக்டர்?”

“உன் காத்துப்போன பந்த விட்டாங்களே!”

“துணி மூட்டை இவ்ளோ சின்னதாவா இருக்கும்? கைக்குட்டை தைக்கிற கடையா அது?”

‘அமைதி காக்கவும்’ என்ற பலகைக்குக் கீழே நின்றுதான் மூவரும் கத்தினார்கள். பேப்பர் படிக்க வந்தவர்கள் பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கட்சி பிரிந்தார்கள். உதவி நூலகர் உற்சாகமாகி, வாசல் பலகையில் தன் பங்குக்கு ஒன்று சேர்த்தாள்: ‘வரும் நிகழ்ச்சிகள்: சனிக்கிழமை மாலை, பூனையா, பந்தா, மூட்டையா? கலந்துரையாடல். அனைவரும் வருக.’ அனைவரும் வந்தார்கள். பத்து வருடமாக எந்தக் கூட்டத்துக்கும் நிறையாத கூடம் அன்று நிறைந்தது.

சாப்பாட்டுப் பாத்திரத்தோடு கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்த அக்கா, வெள்ளைத்தாளை விரலால் தட்டினார்.

“இத ஏன்டா மறைச்ச? படத்துலயே அதுதான் நல்லா இருந்துச்சு.”

“அக்கா, நீ வேற!”

கடைசி வழியாக நூலகர், நூலகக் குழுவின் தலைவரிடம் போனார். பெரிய இரும்புக்கடை முதலாளி. விழாவுக்குப் பந்தல் செலவு அவருடையது. நியாயமாக ஒரு தீர்ப்புச் சொல்லச் சொன்னால், அவர் தன்னையும் ஒரு பார்வை பார்ப்பார், அப்போது பொத்தானைப் பற்றிப் பட்டும் படாமலும் சொல்லலாம் என்பது நூலகரின் கணக்கு.

தலைவர் படத்தை வாங்கித் தூரப் பிடித்துப் பார்த்தார். கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

“இதுக்கா ஊரு இப்படி அடிச்சுக்குது?”

“ஆமாங்க. பேரு சுவத்துல நிரந்தரமா இருக்கும்ல.”

“நிரந்தரமாவா?” தலைவர் படத்தை மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினார். “விழாவுல சொல்றேன்.”

அதற்கடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை விழா. சட்டம் போட்ட படத்துக்குத் திரை கட்டியிருந்தது. அதன் அடியில் பலகையில் ‘இந்தச் சிறுவன்:’ என்று எழுதி முடித்துவிட்டு, பெயருக்காகப் பெயின்டர் ஏணி மேல் தூரிகையோடு காத்திருந்தார். தையல்காரர், பல் டாக்டர், டிரைவிங் ஸ்கூல்காரர் மூவரும் புதுச்சட்டையில் முன்வரிசையில் இருந்தார்கள்.

தலைவர் திரையை இழுத்தார். மைக்கைப் பிடித்தார். தொண்டையைச் செருமினார்.

“தீர விசாரிச்சேன். மனசாட்சியக் கேட்டேன். அந்தப் பையன் நான்தான்.”

மேடையோரம் நின்ற உதவி நூலகர், நூலகரின் காதில் சொன்னாள். “சார், இந்த நூலகம் தொறந்தப்ப இவருக்குக் கல்யாணமே ஆயிடுச்சு. நன்கொடைக் கல்வெட்டுல இவரு, இவரு சம்சாரம் ரெண்டு பேர் பேரும் இருக்கு.”

“மேஜைக்கு அடியில என்ன?” என்று முன்வரிசையிலிருந்து தையல்காரர் குரல் கொடுத்தார்.

தலைவர் அசரவில்லை. “என் செருப்பு. மரியாதைக்காகக் கழட்டி வச்சேன்.”

“மரியாதைக்குக் கழட்டி உள்ளயா கொண்டுவந்தீங்க?”

அதற்குப் பிறகு கூட்டம் யார் கையிலும் இல்லை. பின்வரிசையில் ஒருவர் எழுந்து, அது தன் அண்ணன் என்றார். இன்னொருவர், அந்தக் காலத்தில் தெருவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அதே மண்டைதான், ஒரே ஆள்தான் வெட்டுவார் என்றார். யாரோ அந்த முடிவெட்டுபவரைப் பற்றிப் பேச ஆரம்பிக்க, இன்னொருவர் மணி அடிக்கும் பழைய காவலாளியைப் போல நடித்துக் காட்ட, சிரிப்பில் கூரை அதிர்ந்தது. பல் டாக்டரும் டிரைவிங் ஸ்கூல்காரரும் ஒருவர் தோளில் ஒருவர் கையைப் போட்டுக்கொண்டு, ஆடும் மேஜையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் உதவி நூலகர் படத்தையும் நூலகரையும் மாறி மாறிப் பார்த்தாள். புருவத்தைச் சுருக்கினாள். மைக்கை எடுத்தாள்.

“ஒரு நிமிஷம்! சார், ஒருவேளை இது நீங்களா இருக்குமோ?”

கூடம் திரும்பியது. ஏணியில் இருந்த பெயின்டர் தூரிகையைச் சாயத்தில் தோய்த்தார். மூன்று வாரம் காத்திருந்த கேள்வி. நூலகரின் வாய் தன் பழக்கத்தில் திறந்தது.

“சேச்சே, நானா?”

“சரி, சாரும் இல்லையாம்,” என்று உதவி நூலகர் மைக்கை வைத்துவிட்டாள்.

யாரும் வற்புறுத்தவில்லை. பெயர் முடிவாகும்வரை இடத்தைக் காலியாக விடுவது என்று தலைவர் அறிவித்தார். பெயின்டர் இறங்கிப் போனார்.

கூட்டம் கலைந்த பிறகு அக்கா நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார். நூலகர் படத்துக்கு முன்னால் நின்றார். சட்டம் போட்டபோது வெள்ளைத்தாளை எடுத்திருந்தார்கள். படம் முழுசாக இருந்தது.

“அக்கா. உங்கிட்ட மட்டும் சொல்றேன். இது நான்தான்.”

அக்கா திரும்பாமல் கேட்டார். “எத வச்சு சொல்ற?”

“அந்தச் சட்டை. பொத்தானப் பாரு. கறுப்பு.”

“வெள்ளப் பொத்தான் கெடைக்கல. அம்மா கறுப்ப வச்சுத் தச்சாங்க. எனக்குச் சின்னதா போனப்புறம் பொட்டியில கெடந்துச்சு. நீ அஞ்சாவது போனப்ப உனக்கு எடுத்துக் குடுத்தாங்க.”

நூலகர் அக்காவைப் பார்த்தார். பிறகு படத்தைப் பார்த்தார். ஒட்ட வெட்டிய தலை.

“பேனு புடிச்சிருச்சு. அதான் அந்த மண்ட,” என்றார் அக்கா.

“மூணு வாரமா தெனமும் இங்க வர்றியே. சொல்லியிருக்கலாம்ல?”

“சிறுவன் யாருன்னுதானே எழுதியிருந்த? சிறுவன் யாருன்னு எனக்கு எப்படிடா தெரியும்?”

நூலகர் நாற்காலியில் உட்கார்ந்தார். மெதுவாகக் கேட்டார். “அப்ப நான் இந்தப் படத்துல இல்லவே இல்லையா?”

அக்கா கடைசி நாற்காலியை அடுக்கிவிட்டு வந்தார். முந்தானையால் படத்தின் கண்ணாடியைத் துடைத்து, மேஜைக்கு அடியில் வெளிறித் தெரிந்ததை விரலால் தொட்டுக் காட்டினார்.

“உன்ன வீட்ல விட்டுட்டு வந்தா அம்மா என்னையும் விடமாட்டாங்க. அதனால இடுப்புல தூக்கிட்டுத்தான் வருவேன். நல்லாப் பாரு, வெரலெல்லாம் தெரியுது. இது உன் காலு. நீ அப்பவும் இங்க வந்தா தூங்கத்தான் செய்வ.”