மை ஊற்றி வளர்த்த பயிர்

புதுக்கோட்டைச் சீமையில் மழை பெய்யாமலே பயிர் விளைவித்த ஒரே மனிதர் பம்பர் சார்தான். கண்மாய், கிணறு, வாய்க்கால் எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை. ஒரு மைக்கூடு போதும்.

சமஸ்தானம் போய், எங்களைத் திருச்சி ஜில்லாவோடு சேர்த்த பிறகு வந்த வருஷங்கள் அவை. நான் ஒரு தாலுகா ஆபீஸில் புது குமாஸ்தா. எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன். அங்கே எனக்கு இன்னும் சம்பந்திகள் இருக்கிறார்கள். பக்கத்து நாற்காலியில் பம்பர் சார். தாலுகாவில் மழை எப்படி, பயிர் எப்படி என்று வாராவாரம் திருச்சிக்கு இங்கிலீஷில் ஓர் அறிக்கை போக வேண்டும். அதை எழுதுவது அவர் வேலை. அமோக விளைச்சலுக்கு இங்கிலீஷ்காரன் வைத்திருந்த ‘பம்பர்’ என்ற சொல்லை அவர் வாரம் தவறாமல் போட்டதால் அந்தப் பெயர். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

ஆள் மடக்கிய குடை மாதிரி இருப்பார். செழிப்பெல்லாம் சொல்லில்தான். அதிலும் எதை எங்கே போடுவது என்பதில் ஏகக் கண்டிப்பு.

“தம்பி, செழிப்பான வார்த்தைன்னு எதை வேணாலும் எதுக்கும் போட்டுறக் கூடாது. அடர்ந்து செழிச்சு நின்னா ‘லக்சூரியன்ட்’, பயிருக்குப் போடலாம், பொம்பளைக முடிக்குப் போடலாம். கொட்டுற எதுக்கும் ‘கோப்பியஸ்’, மழைக்கு, கண்ணீருக்கு. ‘ராம்பன்ட்’ நாம கூப்பிடாமலே வளர்ற கோரைக்கு.”

“லஞ்சத்துக்கு, சார்?”

“அதுக்கும் ராம்பன்ட்தான். ஆனா இந்த ஆபீசுக்குள்ள சத்தமாச் சொல்லாதீங்க.”

என் மீசையைப் பார்த்து ‘பட்டிங்’ என்றார். அரும்புகிறது என்று அர்த்தம். எனக்குக் கல்யாணம் ஆகும்வரை அது அரும்பிக்கொண்டேதான் இருந்தது. எங்கள் தாசில்தாருக்கு முழு வழுக்கை. அவரைப் பற்றியும் குறையாகச் சொல்ல மனம் வராது. “காதோரம் லக்சூரியன்ட்” என்பார்.

குறை சொல்லும் வார்த்தை எதுவும் அவர் பேனாவில் இறங்காது. ஒரு தடவை, வளர்ச்சி குன்றிய பயிருக்கு ‘ஸ்டன்டட்’ போடலாமே என்றேன். சட்டென்று காகிதத்தைக் கையால் மூடினார்.

“பயிரு பச்சப்புள்ள மாதிரி, தம்பி. நாம சொல்லுறது அது காதுல விழும்.”

நான் பி.ஏ. படித்தவன், சிரித்தேன். ஆனால் அதற்குப் பிறகு அந்தக் காகிதத்தின் பக்கத்தில் குரலைத் தாழ்த்தியே பேசினேன்.

மழை அடியோடு ஏமாற்றிய வருஷம் ஒன்று வந்தது. கடலைக்காடுகள் கருகின. விவசாயிகள் வரியைத் தள்ளுபடி செய்யச் சொல்லி மனுப் போட்டார்கள். திருச்சியிலிருந்து பதில் வந்தது: உங்கள் தாலுகா அறிக்கைகளின்படி பயிர் செழிப்பாக இருக்கிறது, தள்ளுபடிக்கு இடமில்லை.

மறுநாள் ஆவூர்ப் பக்கத்துக் கடலைச் சம்சாரி சவரிமுத்து வந்தார். துண்டை அவிழ்த்து ஒரு கடலைச் செடியை எடுத்து பம்பர் சார் மேஜைமேல் வைத்தார். வேரில் ஒரு காய்கூட இல்லை.

“பம்பரு ஐயா, இது எந்த வார்த்தைல சேத்தி?”

பம்பர் சார் செடியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நீங்க நல்ல மனசுலதான் எழுதுறீங்க. ஆனா நீங்க எழுதுன கடலையவா வித்து நான் வரி கட்டுறது? கட்டலைன்னா மாட்டை ஜப்தி பண்ணுவாங்க. மாடு போச்சுன்னா மம்பட்டியத் தூக்கிக்கிட்டு தஞ்சாவூருப் பக்கம் போக வேண்டியதுதான்.”

தாசில்தார் உள்ளேயிருந்து வந்தார். “இந்த வாரமாவது உள்ளதை எழுதுங்க. இல்லைன்னா அந்த சீட்டுல வேற ஆளைப் போட்டுருவேன்.”

பம்பர் சார் எழுந்து சவரிமுத்துவோடு புறப்பட்டுவிட்டார். மறுநாள் புருவம்வரை புழுதியோடு வந்து உட்கார்ந்தார். பேனா காகிதத்தைத் தொடுவதும் விலகுவதுமாக இருந்தது.

“பயிரைக் கொறை சொல்லக் கை வரலை, தம்பி.” புருவத்துப் புழுதியைத் துடைத்தார். “ஆனா அங்கிட்டு ஒண்ணுமே வளரலைன்னும் சொல்ல முடியாது.”

பேனா ஓட ஆரம்பித்தது. கண்மாய்களில் வெடிப்பு லக்சூரியன்ட். புழுதி கோப்பியஸ். கள்ளி எங்கும் ஃப்ளரிஷிங், அதாவது செழித்து ஓங்குகிறது. ஊரைவிட்டுப் போகிற கூட்டம் ராம்பன்ட். பூட்டிய வீடுகளில் இந்த வருஷம் பம்பர் விளைச்சல். பயிரைப் பற்றி மட்டும் ஒரு சொல் இல்லை.

தாசில்தார் படித்துவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டார். வேறு எழுத நேரமில்லை, தபால் பை கட்டக் காத்திருந்தது. கையெழுத்துப் போட்டார்.

இதை எழுதிய பைத்தியம் யார் என்று பார்க்கத் திருச்சியிலிருந்து ஒரு அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். பம்பர் சார் ஒரு பைலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். சவரிமுத்துதான் கண்மாய்க்கு அழைத்துப் போனார். அதிகாரியின் ஒரு பூட்ஸ் வெடிப்புக்குள் போய் மாட்டிக்கொண்டது. இரண்டு பேர் இழுத்தும் வரவில்லை. ஒற்றைக் காலில் நின்றபடி அவர், “லக்சூரியன்ட்தான்” என்றாராம். தள்ளுபடி உத்தரவு வந்தது. சவரிமுத்துவின் மாடு தொழுவத்திலேயே நின்றது.

அடுத்த வருஷம் மழை பெய்தது. சவரிமுத்து அதே துண்டில் இன்னொரு செடியைக் கொண்டுவந்து அதே மேஜையில் வைத்தார். வேர் தெரியாமல் காய். ஆபீஸே எழுந்து வந்து பார்த்தது. இத்தனை வருஷம் காற்றில் எழுதிய வார்த்தைகளுக்கெல்லாம் இன்றுதான் வேலை என்று நான் மைக்கூட்டை நிரப்பிக்கூட வைத்தேன்.

அந்த வாரம் பயிர் நிலைமைக்கு எதிரே அவர் எழுதியது ஒரே சொல்: ‘குட்’.

தாசில்தாருக்கே பொறுக்கவில்லை. “என்னங்க பம்பர், இல்லாதப்ப எல்லாம் அள்ளி விட்டீங்க. இப்பத்தான் நெசமாவே இருக்கு. ஒத்தை வார்த்தையோட நிறுத்திட்டீங்களே?”

பம்பர் சார் அந்தச் செடியைத் துண்டால் மூடினார். குரலைத் தாழ்த்தினார்.

“இருக்கையில ரொம்பச் சொல்லக் கூடாதுங்க. கண்ணு பட்டுரும்.”

இப்போது பத்திரிகைகளில் வார்த்தைகளை அள்ளி இறைத்துத்தான் என் பிழைப்பு நடக்கிறது. அவருக்கென்று ஏற்றதாக ஒரு சொல் போடலாம் என்று காலையிலிருந்து உட்கார்ந்து பார்க்கிறேன்.

நல்ல மனுஷர். இதற்குமேல் வேண்டாம்.