எதிர்வீட்டுத் தாய்வீடு

நாமகிரிப்பேட்டை
13-8-1983, சனிக்கிழமை

சிரஞ்சீவி சின்னராஜுக்கு அப்பா கைலாசம் ஆசீர்வாதம் செய்து எழுதுவது. இங்கே நான், உன் அம்மா செல்லாயி, உன் மனைவி எடிதா, அவள் வயிற்றுக்குள் இருப்பவர் ஆக நால்வரும் சௌக்கியம். அங்கே நீயும், நீ எஞ்சின் பார்க்கும் கப்பலும் சௌக்கியமாக இருக்க நைனாமலைப் பெருமாளை வேண்டிக்கொள்கிறோம்.

உன் கடிதம் கிடைத்தது. எடிதாவுக்கு ஏழாம் மாதம் நடக்கிறது, எட்டு பிறந்துவிட்டால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள், தலைப்பிரசவத்துக்கு அவளைச் செபுத் தீவிலிருக்கும் அவள் தாய்வீட்டுக்கு அனுப்புவதா, அங்கேயே வைத்துக்கொள்வதா, கேட்டால் அவள் வாய் திறக்க மாட்டேன் என்கிறாள், நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தாய். பார்த்தேன். சொல்கிறேன். அவள் இங்கே ரொம்ப சந்தோஷமாக இருக்கிறாள். எங்கேயும் அனுப்ப வேண்டியதில்லை. இதைக் கண்டதும் ‘மாமா சொல்படி அங்கேயே இரு’ என்று அவளுக்கு நாலு வரி எழுதிப் போடு. ஆதாரம் கேட்பாய் என்பதால் நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

சித்திரையில் அவளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு நீ பாட்டுக்குக் கப்பலேறிவிட்டாய். பத்தாம் நாள் காலையில் அவள் பையை எடுத்துக்கொண்டு, “அத்தை, போறேன்” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு வாசல் இறங்கினாள். நம் பக்கத்தில் பக்கத்துத் தெருவுக்குப் போனாலும் “போய்ட்டு வாரேன்” என்றுதான் சொல்ல வேண்டும், வெறும் “போறேன்” என்றால் ஒரேயடியாகப் போவது என்று அந்தப் பெண்ணுக்கு யார் சொன்னார்கள்? உன் அம்மா அப்படியே உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டாள். “ஏனுங்க, புள்ள கோவிச்சுக்கிட்டுப் போறாளுங்க, ஓடுங்க!” என்று என்னை விரட்டினாள். நான் சைக்கிளை மிதித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனால் சேலம் பஸ் கிளம்பிவிட்டது. கண்டக்டராக ரிட்டயர் ஆகி மூன்று வருஷம் ஆனாலும் விரலை வாயில் வைத்து ஒரு விசில் கொடுத்தேன் பார், டிரைவர் சடக்கென்று நிறுத்திவிட்டான். ஏறி லேடீஸ் சீட்டெல்லாம் தேடி, யாரோ ஒரு அம்மாளின் முக்காட்டை விலக்கிப் பார்த்து வாங்கிக் கட்டிக்கொண்டு இறங்கினால், எடிதா சந்தையில் குச்சிக்கிழங்குக் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். அவள் ஊரிலும் இந்த மரவள்ளி உண்டாம். ஒன்றை எடுத்து மூக்கில் வைத்து மோந்துகொண்டே இருந்தாள்.

அன்றைக்குத்தான் அவள் பாஷையைக் கற்றுக்கொள்வது என்று முடிவு செய்தேன். கண்டக்டர் வேலையில் கன்னடமும் தெலுங்கும் பார்த்தவனுக்கு இது எம்மாத்திரம் என்று ஒரு நோட்டு வாங்கிவிட்டேன். அருமையான பாஷையப்பா! நாமக்கல்லில் ஒரே சேஸிஸின் மேல் லாரி பாடியும் கட்டுகிறான், பஸ் பாடியும் கட்டுகிறான் இல்லையா, அந்த மாதிரி ஒரு வேர்ச்சொல்லை வைத்துக்கொண்டு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று மாட்டி ஓட்டிக்கொண்டே போகிறார்கள். ‘காஓன்’ என்றால் சாப்பிடுவது. அதிலிருந்தே ‘கான்-ஓன்’, சோறு. ‘பக்காஓன்’, சாப்பாடு. ‘கானானன்’, சாப்பிடுகிற இடம். அதைவிட வேடிக்கை, ஒரு சொல்லை இரண்டு தடவை சொல்வது. நமக்கு இரண்டு தடவை சொன்னால் கூடும். அவர்களுக்குப் பல சமயம் குறைந்துபோகும், இல்லாவிட்டால் விளையாட்டுக்குச் செய்வதாகிவிடும். ‘லயோ’ என்றால் தூரம், ‘லயோ-லயோ’ என்றால் சும்மா கொஞ்சம் தூரம். இது எனக்குப் புரிவதற்குள் ஒரு விபத்து நடந்துவிட்டது. குளிக்கப் போனவள் ‘இனிட்-இனிட்’ வேண்டும் என்றாள். ‘இனிட்’ என்றால் சூடு என்று நோட்டில் இருக்கிறது, இரண்டு தடவை சொல்கிறாளே என்று நான் அடுப்பில் இன்னும் நாலு விறகை வைக்கச் சொன்னேன். அவள் கேட்டது வெதுவெதுப்பு. கொதிக்கிற தண்ணீரில் விரலை வைத்துவிட்டு அவள் போட்ட சத்தத்துக்குத் தெருவே கூடிவிட்டது. உன் அம்மா என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

‘லக்காவ்’ என்றால் போவது, ‘லக்காவ்-லக்காவ்’ என்றால் சும்மா உலாத்துவது என்று தெரிந்தபிறகு வீட்டில் நிம்மதி வந்தது. இப்போது எடிதா கடைக்குப் புறப்பட்டால் “லக்காவ்-லக்காவ், அத்தை” என்கிறாள். உன் அம்மாவும் “செரி சாமி, சுருக்கா வந்துரு” என்கிறாள். சந்தோஷமாக இல்லாவிட்டால் இப்படி இருப்பார்களா?

அடுத்தது கட்டுச்சோறு. ஏழாம் மாதம் தாய்வீட்டார் ஐந்து வகைச் சோறு கட்டிக்கொண்டு வந்து பெண்ணை அழைத்துப்போவதுதானே வழக்கம். செபுவிலிருந்து யார் சோறு கட்டி வருவது, வருவதற்குள் தயிர்ச்சோறு என்ன ஆவது என்று தெருவில் பேச்சு. எதிர்வீட்டுக் கந்தம்மாள் எழுந்து, “ஏனுங்ணா, நா இருக்கறப்ப அந்தப் புள்ளைக்கு அம்மா ஊடு இல்லீன்னு ஆராச்சும் சொல்லுவாங்களா?” என்றாள். சொன்னபடி போன வெள்ளிக்கிழமை கூடையும் தட்டுமாக வந்து, வளையல் போட்டு, பொட்டு வைத்து எடிதாவை அழைத்துப்போனாள். மேளம் ஒன்றுதான் பாக்கி. நாங்களும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்து, முப்பதடி தூரத்திலிருக்கும் தாய்வீட்டில் கொண்டுபோய் விட்டோம். எடிதா உள்ளே சுற்றிப் பார்த்துவிட்டு “பலாய்-பலாய்!” என்று சிரித்தாள். ‘பலாய்’ என்றால் வீடு. இரண்டு தடவை சொன்னால் குழந்தைகள் கட்டி விளையாடுகிற பொய் வீடு. எல்லோரும் சிரித்தோம். அவள்தான் சிரித்துக்கொண்டே இருந்து, நிறுத்தத் தெரியாமல் அழுதுவிட்டாள். கந்தம்மாள் அழுதாள், உன் அம்மா அழுதாள். ஆனந்தக் கண்ணீர் என்றுதான் எனக்குப் பட்டது. மூன்றாம் நாளே உன் அம்மா பொறுக்கமாட்டாமல் போய்க் கூட்டிவந்துவிட்டாள்.

அன்றிலிருந்து எடிதா ‘மிங்காவ்’ என்று ஒரு சொல்லை அடிக்கடி சொல்கிறாள். ஆளில்லாத வீட்டுக்கும் அதுதானாம், ஒருத்தரை நினைத்து மனசு ஏங்குவதற்கும் அதுதானாம். நான் யோசித்துப் பார்த்தேன். நம் வீட்டில்தான் ஆள் இருக்கிறதே, ஆகவே அது நமக்குப் பொருந்தாது என்று விட்டுவிட்டேன்.

ஒளிக்காமல் சொல்கிறேன், சின்னராஜ். நீ மேச்சேரியில் உன் அம்மாவின் தாய்வீட்டில் பிறந்தாய். தந்தி வந்தபோது நான் ஆத்தூர் டிரிப்பில் இருந்தேன். நாலாம் நாள்தான் உன்னைப் பார்த்தேன். அப்புறம் வளர்ந்தாய், கப்பலுக்குப் போனாய். ஏழு வருஷத்தில் உன்னைப் பார்த்தது மொத்தம் தொண்ணூறு நாள் இருக்குமா? உன் குழந்தையையாவது பிறந்த அன்றைக்கே பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. வேறொன்றுமில்லை. ஆகவே எடிதாவை இங்கேயே இருக்கச் சொல்லி எழுது.

வெயிலில் நிற்காதே. எண்ணெய்க் கையோடு சாப்பிடாதே. உன் அம்மாவும் கந்தம்மாளும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார்கள். நீ எந்தக் கரையில் இறங்கினாலும் நல்லபடியாக இறங்கு.

இப்படிக்கு
அன்புள்ள அப்பா
கைலாசம்

பின்குறிப்பு: 15-8-83. சனிக்கிழமைத் தபால் தவறிவிட்டது. நேற்று ஞாயிறு, இன்று சுதந்திர தினம். வீட்டில் கிடந்த கடிதத்தை உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “ஏனுங்க, அந்தப் புள்ள கந்தம்மா ஊட்டுல எதுக்கு அழுதான்னு நெசமாலுமே உங்களுக்குத் தெரியாதா?” என்றாள். நான் கடிதத்தை மடித்துக்கொண்டிருந்தேன். “இங்கிருந்து மேச்சேரிக்கு ரெண்டே பஸ்ஸு. மாசமா இருக்கறப்ப அந்த ரெண்டு பஸ்ஸு தூரத்துக்கே நா எத்தன நா அழுதிருப்பேன். இவளுக்கு நடுவுல கடலே கெடக்குதுங்க” என்றாள். எனக்குத் தெரியும், சின்னராஜ். அழுத அன்றைக்கே தெரியும்.

ஆகவே மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு. டிக்கெட் போடு. மெட்ராஸில் நான் ஏற்றிவிடுகிறேன், சிங்கப்பூரில் நீ லீவு எடுத்து வந்து கூட்டிக்கொள். இன்று காலை எடிதாவிடம் போய் அவள் பாஷையிலேயே “மோ-ஊலி க” என்றேன். நீ உன் வீட்டுக்குப் போகப் போகிறாய் என்று அர்த்தம். நம்பாமல் இரண்டு தடவை “மாமா? மாமா?” என்று கேட்டாள். அப்புறம் அவர்கள் ஊர் வழக்கப்படி என் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

ஒரு விஷயம் மட்டும் மறக்காமல் கேட்டு எழுது. நோட்டில் நூற்றுப் பதினேழு சொல் சேர்ந்திருக்கிறது, தாத்தாவுக்கு அங்கே என்ன சொல் என்று மட்டும் நான் கேட்கவே இல்லை. இங்கேதானே பிறக்கப் போகிறது என்று இருந்துவிட்டேன். நாளைக்கு அந்தக் குழந்தை வந்து கூப்பிட்டால், என்னைத்தான் கூப்பிடுகிறது என்று எனக்குத் தெரிய வேண்டுமே.