மூன்றாம் அறைக்குக் கிடைத்த கைப்பட்டி

ரந்தாவ்,
ஜப்பான் கணக்கில் 2603, நோன்புக்கு முந்திய மாதம்.

அன்பும் மதிப்பும் மிக்க மச்சான் லியாக்கத் அலி அவர்களுக்கு, ரந்தாவ் தேத்தண்ணீர்க் கடை மதார் மைதீன் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் அக்கா நபீஸாவும் நானும் மரவள்ளிக் கிழங்கு விற்று, விற்காததைத் தின்று, ஆண்டவன் கிருபையால் நடமாடிக்கொண்டிருக்கிறோம். பகாவில் நீங்களும் வீட்டாரும் இதைவிட நல்லதாக எதையாவது சாப்பிட்டுச் சுகமாக இருக்க துஆச் செய்கிறோம்.

நிற்க. பகாவிலும் வேலப்பா பாகவதர் ரசிகர் மகாநாடு நடத்தப் போகிறார்கள், அதில் ஓர் அறையை நடத்திக் கொடுக்கும் தொண்டனுக்கு ஜப்பான் ஆபீஸ் சிவப்பு முத்திரை குத்திய கைப்பட்டி கிடைக்கும், அதைக் கட்டியவனைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துப் போக மாட்டார்களாம், ஏற்றுக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் மச்சான். ஏன் என்று எழுதுகிறேன். இதைத் தபாலில் போடவில்லை. பகாவுக்குக் கருவாடு ஏற்றிப் போகும் யாகப்பன் கையில் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் அடுப்பில் வைத்துவிடுங்கள்.

நானும் அந்தப் பட்டிக்காகத்தான் அறையை ஏற்றேன். பாகவதர் மேல் எனக்கு என்ன பிரியம்? அவர் பாட ஆரம்பித்தால் எனக்குக் கொட்டாவி வரும். ஆனால் லிங்கிப் பக்கம் ஒரு தோட்டத்தில் இலவசப் படம் என்று கூட்டம் சேர்த்து, படம் பாதியில் இருக்கும்போதே வாசலில் லாரியை நிறுத்தி, தெம்பாகத் தெரிந்த ஆண்களை எல்லாம் ஏற்றிப் போனார்கள். இன்றுவரை ஒருவரும் திரும்பவில்லை. உங்கள் அக்கா நிக்காஹ் ஆன நாள் முதல் என்னைத் தெம்பான ஆள் என்று சொன்னதே கிடையாது, அந்தச் சேதி கேட்ட அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சொன்னாள், சொல்லிவிட்டு அழுதாள். அதனால் ரசிகர் சங்கத் தலைவர், ரப்பர்த் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி இராஜமாணிக்கத்திடம் போய் நின்றேன். மூடிக் கிடக்கும் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் முதல் அறை பாட்டுப் போட்டிக்கு, இரண்டாவது சொற்பொழிவுக்கு, மூன்றாவது இசைத்தட்டுக் கேட்க. மூன்றாவது எனக்கு. கிராணியே என் கையில் பட்டியைக் கட்டி, "இனிமே ஒருத்தன் உங்களத் தொட முடியாது பாய். ஆனா அறை ஒழுங்கா நடக்கலன்னா பட்டியத் திருப்பி வாங்கிருவேன்" என்றார். அன்று ராத்திரி பட்டியைக் கழற்றாமலே தூங்கினேன்.

மகாநாடு காலை பத்து மணிக்கு என்று நோட்டீஸ். எந்தப் பத்து மணி என்று கேட்க எனக்கும் தோன்றவில்லை, போட்டவருக்கும் தோன்றவில்லை. ஜப்பான்காரன் வந்ததும் கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கச் சொன்னானே, டவுன்காரர்கள் தள்ளினார்கள், தோட்டத்துப் பால்வெட்டுக்காரர்கள் தள்ளவில்லை. ஆகவே டவுன்காரர்கள் ஜப்பான் பத்து மணிக்கு வந்து உட்கார்ந்தார்கள். இருந்த தட்டெல்லாம் ஓடி முடிந்தபோது தோட்டத்துக்காரர்கள் வெள்ளைக்காரன் பத்து மணிக்கு வந்து, முதலிலிருந்து போடு என்றார்கள். அதுவும் ஓடி முடியும்போது லிங்கிக்காரர்கள் வந்தார்கள். எதற்கும் ஒன்றரையைக் கூட்ட வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், கடிகாரத்தைத் தள்ளாமல் வைத்துக்கொண்டு, நோட்டீஸில் இருந்த பத்தோடு ஒன்றரையைக் கூட்டிப் பதினொன்றரைக்கு வந்திருக்கிறார்கள். மற்ற அறையெல்லாம் எப்படியோ தெரியாது, என் அறையில் அன்றைக்குப் பத்து மணி மூன்று தடவை வந்தது. வந்தவர்கள் யாரும் எழுந்து போகவும் இல்லை.

சரி, வாசலிலாவது ஒழுங்கு பண்ணலாம் என்று போய் நின்றால், சிவப்பு முத்திரையைக் கண்டால் குனிய வேண்டும் என்று கன்னத்தில் அறை வாங்கிப் பழகிய ஜனங்கள் இல்லையா, என் கையைப் பார்த்தவர்களெல்லாம் இடுப்பை மடித்துக் குனிகிறார்கள். மரியாதைக்கு நானும் குனிகிறேன். நான் குனிந்ததைப் பார்த்து அவர்கள் மறுபடி குனிகிறார்கள். பின்னால் வருகிறவர்கள் எதற்கு என்று தெரியாமலே குனிகிறார்கள். "ஐயா, குனியாதீங்க, உள்ள போங்க" என்று கையை ஆட்டினேன். கை ஆடியதும் பட்டியும் ஆடியது, இன்னும் தாழக் குனிந்தார்கள்.

உள்ளே கிராமபோன் பெட்டிக்கு வில் போய்விட்டது, ஊசி கடைகளில் கிடையாது. மூங்கிலைச் சீவி ஊசியாகச் செருகி, தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் மண்டோர் அர்ச்சுனன் விரலால் தட்டைச் சுற்றினார். பாகவதர் ரசிகர்களில் பழைய குரல் கட்சி, புதுக் குரல் கட்சி என்று இரண்டு உண்டு, எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அர்ச்சுனன் மெதுவாகச் சுற்றினால் பாகவதர் எருமை மாதிரிப் பாடுகிறார், பழைய குரல் கட்சி எழுந்து அவமானம் என்கிறது. வேகமாகச் சுற்றினால் சிறுபெண் மாதிரிப் பாடுகிறார், இதுதான் புதுக் குரல் என்று மற்றவர்கள் கை தட்டுகிறார்கள். ஒருத்தர் அர்ச்சுனன் விரலையே பிடித்துக்கொண்டார். "நான் மரம் எண்ணுற ஆளு, என்னைய விடுங்கலா!" என்று அவர் கத்த, மேசை சாய, அந்த நேரம் பார்த்துக் கிராணி உள்ளே வந்தார்.

"என்ன பாய் இது, அறையா, பசாரா? பட்டியக் கழட்டுங்க" என்றார். எனக்கு வந்ததே கோபம் மச்சான். எதற்காக இத்தனை நாள் அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்பதே மறந்து போனது. கழற்றி அவர் கையிலேயே இறுக்கிக் கட்டி, "நீங்களே கட்டிக்குங்க, நீங்களே நடத்துங்கலா!" என்று சொல்லிவிட்டுப் பின்வாசல் வழியாக ரப்பர் மரத்துக்குள் போய்விட்டேன். உட்காரக்கூட இல்லை, லாரிச் சத்தம் கேட்டது. பள்ளிக்கூடத்திலிருந்த மூன்று பத்து மணிக்காரர்களும் ஒரே சமயத்தில் ஜன்னல் வழியாக வெளியே பாய்ந்தார்கள். சிப்பாய்கள் அவர்களைத் துரத்தவே இல்லை. பட்டி கட்டியிருந்தவர்களை மட்டும் பொறுக்கி லாரியில் ஏற்றினார்கள். கிராணி ஏறும்போது அங்குமிங்கும் திரும்பிப் பார்த்தார். என்னைத்தான் தேடியிருப்பார். நான் மரத்துக்குப் பின்னால் நின்றேன்.

மறுநாள் அவர் சம்சாரம் நீலாவதி கடைக்கு வந்து, "அது உங்க பட்டிதான பாய்?" என்று கேட்டது. வேறு ஒன்றும் கேட்கவில்லை. அன்றிலிருந்து எனக்குச் சோறும் இறங்கவில்லை, சோறு என்று எதுவும் இல்லை, கிழங்கும் இறங்கவில்லை. ஆகவே மச்சான், அறையும் வேண்டாம், பட்டியும் வேண்டாம். அது சயாமுக்கு அடையாளம். கொடுத்திருந்தால் இன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் ஸலாமும், பிள்ளைகளுக்கு முத்தமும், உங்களுக்கு உங்கள் அக்காவின் துஆவும். ஆண்டவன் நம் எல்லாரையும் நம் வீட்டு வாசலுக்குள்ளேயே வைத்துக் காப்பானாக.

இப்படிக்கு,
மதார் மைதீன்

பின்குறிப்பு: யாகப்பன் புறப்படுவதற்குள் இதையும் எழுதுகிறேன். மேலே உள்ளதை அடித்துவிட்டுப் படிக்கவும். கிராணி திரும்பி வந்துவிட்டார்! அதே லாரியில், முழுசாக, ஒரு மூட்டை அரிசியோடு, சீனியோடு, சட்டைத் துணியோடு! சிரம்பானில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, நல்ல தொண்டர்கள் என்று புகழ்ந்து கொடுத்தார்களாம். எங்களுக்கும் ஒரு படி கொடுத்தார். நபீஸா வடித்தாள், சாப்பிட்டுக்கொண்டே அழுதேன். அந்த மூட்டை எனக்கு வந்திருக்க வேண்டியது என்று அவள் இன்னும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஆகவே அறையைத் தாராளமாக ஏற்றுக்கொள்ளுங்கள், பட்டியைக் கெட்டியாகக் கட்டிக்கொள்ளுங்கள். கிராணி இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். வெள்ளிக்கிழமை மறுபடி லாரி வருமாம், பட்டி கட்டியவர்கள் ஆளுக்குப் பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு வந்தால் இன்னும் பெரிய மூட்டையாம், இந்தத் தடவை சிரம்பானைத் தாண்டியாம். எவ்வளவு தூரம் என்று கேட்டேன். "அது சொல்லல பாய். போர்வை மட்டும் எடுத்துக்கிட்டு வரச் சொன்னாங்க" என்கிறார். சிரித்துக்கொண்டே சொல்கிறார் மச்சான். ஏற்க வேண்டாம். எதையும் ஏற்க வேண்டாம். அவரோ பட்டியைக் கழற்ற மாட்டேன் என்கிறார். முடிச்சு நான் போட்டது, இறுக்கிப் போட்டுத் தொலைத்துவிட்டேன். பேனாவை வைத்துவிட்டுக் கத்தியை எடுக்கிறேன்.